குமரி மாவட்ட வண்ணத்துப்பூச்சிகள்: படத்திலிருந்து பெயர் வரை

“இது என்ன பூச்சி?” என்று கேட்டு வரும் படங்களில் பெரும்பாலானவை அழகானவை, அடையாளம் காண மட்டும் உதவாதவை. செம்பருத்தி பளிச்சென்று தெரியும், பின்னணி மங்கியிருக்கும், பூச்சியோ பாதி இறகை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பரிசு வாங்குகிற படம் வேறு, பெயர் சொல்ல உதவும் படம் வேறு.

படி 1: மூன்று கோணங்களில் படம் எடுங்கள்

போன் கேமராவே போதும். இறகு விரித்த மேற்புறம், மூடியபோது தெரியும் அடிப்புறம், தலையும் உணர்கொம்புகளும் இருக்கும் பகுதி ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் அடிப்புறத்தை எடுங்கள். நகத்தளவே இருக்கும் நீலநிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு மேற்புறம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புள்ளியும் கோடும் அடிப்புறத்தில்தான்.

காலை வெயிலில் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும் நேரம் நல்லது. உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்குங்கள். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் ஓடைக்கரை ஈரமணலில் கூட்டமாக உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். அந்த நேரத்தில் அவற்றுக்கு உலகமே மறந்துவிடும். பொறுமையாக எடுக்கலாம். வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில் அதைப் பெற்றுக்கொண்டே செல்லுங்கள்.

படி 2: இடம், தேதி, செடி

இதைப் பலர் எழுதி வைப்பதில்லை. என்னைக் கேட்டால், பாதிப் பெயர் இதிலேயே கிடைத்துவிடும். நம் மாவட்டம் சிறியதுதான். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வறண்ட முட்புதர், குலசேகரம் தாண்டினால் ரப்பர்த் தோட்டமும் ஈரக்காடும். இறகு முனை சிவந்த கிரிம்சன் டிப் வறண்ட புதர்க்காட்டுக்காரன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பெரிய சதர்ன் பேர்ட்விங்கை பேச்சிப்பாறைப் பக்கம் தேடுங்கள்.

மாதமும் முக்கியம். காமன் ஈவினிங் பிரவுனின் அடிப்புறத்தில் மழைக்காலத்தில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். கோடையில் அவை மங்கிச் சருகு நிறமாகிவிடும். இரண்டும் ஒரே இனம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற ஊரில் இதை மறக்கக் கூடாது.

படி 3: வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உணர்கொம்பின் நுனி தீக்குச்சித் தலைபோலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நுனி கூர்ந்தோ இருபுறமும் கிளைத்தோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு; குளவியைப்போலத் தோன்றும் அமாட்டா அப்படிப்பட்டது.

குமரிக்காரர்கள் அதிகம் குழம்புவது ஜெயன்ட் ரெட்ஐ விஷயத்தில். பழுப்பு நிறம், தடித்த உடல், அந்தி நேரத்தில் பறக்கும், சிவந்த கண். பார்த்தவுடன் விட்டில் என்றே தோன்றும். ஆனால் உணர்கொம்பின் நுனி தடித்துக் கொக்கிபோல வளைந்திருக்கும், அது வண்ணத்துப்பூச்சிதான். தென்னை ஓலையில் வெள்ளை மெழுகிழைகள் போர்த்திய புழுவைப் பார்த்திருந்தால், அது இதனுடைய பிள்ளையாக இருக்கலாம்.

படி 4: கால்களை எண்ணுங்கள்

உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி நான்கு கால்களில் நிற்பதுபோல் தெரிந்தால், முன்னங்கால்கள் குறுகிப்போன நிம்ஃபாலிடே குடும்பம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இந்தக் குடும்பம்தான். குடும்பம் தெரிந்துவிட்டால் தேடவேண்டிய பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

படி 5: போலிகளைப் பிரித்தறியுங்கள்

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வருகிற காமன் மார்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு மூன்று வேடங்கள். ஒன்று ஆணைப்போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப்போல, மூன்றாவது கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப்போல. அந்த இரண்டு ரோஸ்களும் புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகைச் செடிகளைத் தின்று நஞ்சேறியவை. பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பை மார்மன் பெண் இரவல் வாங்கிக்கொள்கிறது. இறகுகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். உடலைப் பாருங்கள்: ரோஸ்களுக்கு உடலில் சிவப்பு உண்டு, மார்மனின் உடல் கறுப்பு. வேடத்தில் உடலை மட்டும் மாற்ற மறந்துவிட்டது!

எருக்கஞ்செடியைச் சுற்றும் ஆரஞ்சு நிற பிளெயின் டைகருக்கும் இதே கதை. அதன் பின்னிறகின் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். அதைப்போலவே தோன்றும் டனைட் எக்ஃப்ளை பெண்ணுக்கு, பின்னிறகின் மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு பெரிய கரும்புள்ளிதான்.

படி 6: செயலி கடைசியில்தான்

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தை ஏற்றினால் சில பெயர்களை முன்வைக்கும். அவை யூகங்கள். நீங்கள் முன்பே குறித்துவைத்த புள்ளி, உடல் நிறம், செடி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று படங்களையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனிப்பதிவாக்கினால் சரிபார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

அடிப்புறம் தெரியாத மஞ்சள் நிற கிராஸ் யெல்லோ படத்துக்கு இனப் பெயர் சொல்ல முயலாதீர்கள். ‘யூரெமா’ என்று பேரினத்தோடு நிறுத்துவது தோல்வியல்ல, நேர்மை. அந்துப்பூச்சிகளில் இது இன்னும் அடிக்கடி நேரும். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 1,300 இனங்கள் என்றால் அந்துப்பூச்சிகள் 10,000-க்கு மேல். அரளியைத் தின்று வளரும் பச்சைநிற ஒலியாண்டர் ஹாக் மாத் போன்ற எளிதில் தெரிகிற சிலவற்றில் தொடங்குங்கள். வாசல் விளக்கை எரியவிட்டு, சுவரில் வந்து அமர்பவற்றை நேர்மேலிருந்து படமெடுத்தால் போதும். எடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விடிந்ததும் பல்லிகளும் காக்கைகளும் பந்தி வைத்துவிடும்.