செல் நகர்ந்ததா, துளைத்துக்கொண்டு போனதா?

தட்டில் வளர்ந்த செல் அடுக்கில் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி மூடுகிறதா என்று பார்ப்பது கீறல் சோதனை. அதில் இடைவெளி மூடிவிட்டது, ஆகவே செல்கள் நகர்ந்துவிட்டன என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். செல் பெருகினாலும் இடைவெளி மூடும். ஊடகத்தில் செல் பெருக உதவும் சீரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் மைட்டோமைசின் சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துங்கள். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் டிப்பால் ஒரே கோடு, பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) கழுவல், உடனே 0 மணிப் படம். தட்டின் அடியில் மார்க்கரால் குறி போட்டுவிட்டால் 24 மணி கழித்து அதே இடத்தைத் தேடி அலைய வேண்டாம்.

ஊடுருவலை, அதாவது செல் துளைத்துக்கொண்டு போவதை, அளக்க இது போதாது, டிரான்ஸ்வெல் வேண்டும்: அடியில் துளைச் சவ்வு உள்ள சிறு கிண்ணத்தை (இன்சர்ட்) குழிக்குள் இறக்கும் அமைப்பு. 1962-இல் பாய்டன் வெள்ளணுக்களுக்காகச் செய்த அறையின் வழிவந்ததுதான். புற்றுநோய் செல்களுக்குப் பெரும்பாலும் 8 மைக்ரான் துளைச் சவ்வு. அதன்மேல் செல் துளைக்க வேண்டிய தடையாக மேட்ரிஜெல் பூச வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுத்த இந்தப் புரதக் கலவை 4 டிகிரியில் தண்ணீராக இருக்கும், 10 டிகிரியைத் தாண்டினாலே உறைய ஆரம்பிக்கும். முந்தின ராத்திரியே ஐஸில் புதைத்துக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். டிப், டியூப் எல்லாமே குளிர்ந்திருக்கட்டும், வெறும் டிப்பைக் குளிர வைக்க மறந்ததால் ஜெல் அதன் உள்ளேயே கட்டிதட்டி ஒரு தட்டு முழுக்க எனக்கு வீணானது.

24 குழித் தட்டு என்றால் மேலே சீரமில்லாத ஊடகத்தில் 50,000 செல்கள் போல, கீழே 600 மைக்ரோலிட்டர் 10% சீரம் கலந்த ஊடகம்; செல்லைக் கீழே இழுப்பது அந்தச் சீரம்தான். இன்சர்ட்டைச் சாய்வாக இறக்குங்கள், அடியில் குமிழி மாட்டினால் அந்த இடத்துச் செல்லுக்குக் கீழே சீரம் இருப்பதே தெரியாது.

24 மணி கழித்து ஈரப் பஞ்சுக் குச்சியால் சவ்வின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். மேல்பக்கத்தை மட்டும்! கீழ்ப்பக்கம்தான் உங்கள் முடிவு, நான் ஒருமுறை அவசரத்தில் அதைத் துடைத்துவிட்டு வெறும் சவ்வுக்குச் சாயமேற்றி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 4% பாராஃபார்மால்டிஹைடில் செல்களை நிலைநிறுத்தி, 0.1% கிரிஸ்டல் வயலெட்டால் சாயமேற்றி, நன்றாகக் கழுவி ஐந்து இடங்களில் எண்ணுங்கள். எந்தக் குழிக்கு எந்த மருந்து என்பது எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

ஜெல் பூசாத இன்சர்ட்டையும் அதே நாளில் வைத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் உங்கள் மருந்து துளைப்பதைத் தடுத்ததா, நகர்வதையே தடுத்ததா என்று சொல்ல வழியில்லை. ஜெல்லைத் தாண்டியவற்றை ஜெல் இல்லாமல் தாண்டியவற்றால் வகுத்துச் சதவீதமாகப் போடுங்கள். நன்றாக ஊடுருவும் மார்பகப் புற்றுநோய் செல் ரகமான எம்டிஏ-எம்பி-231 வைக்கும்போது பக்கத்தில் எம்சிஎஃப்-7-ம் வையுங்கள், அதுவும் மார்பகப் புற்றுநோய் செல்தான், ஆனால் அவ்வளவாக ஊடுருவாத ரகம். அதுவும் சரிசமமாகக் கீழே இறங்கியிருந்தால் ஜெல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.