கருப்பொருள் வைத்த குறுக்கெழுத்து: ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

தினமும் ஒரு குறுக்கெழுத்துப் போடாமல் எனக்கு நாள் தொடங்காது. சாதாரணப் புதிர் என்றால் எப்படியாவது முடித்துவிடுவேன். கருப்பொருள் வைத்த புதிர்தான் வெகுநாள் என்னைத் திணறடித்தது. கட்டமெல்லாம் நிரம்பியிருக்கும், ஆனால் விடைகளுக்குள் என்ன உறவு என்பது மட்டும் பிடிபடாது. ஒருநாள் ஒரே ஒரு புதிரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியபோதுதான் வழி புரிந்தது. அந்தப் புதிரையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். குறிப்புகளை மட்டும் என் சொற்களில் மாற்றியிருக்கிறேன்.

கட்டம், எண், அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக வேலைக்குப் போவோம்.

படி 1: எழுத்தைச் சரியாக எண்ணுங்கள்

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’ ஒரே கட்டம். ஆக, மரங்கொத்தி ஆறு எழுத்து: ம, ர, ங், கொ, த், தி. இதே சொல்லைக் கணினியிடம் எண்ணச் சொன்னால் பத்து என்று சொல்லக்கூடும். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதுதான் காரணம். தமிழுக்கென்று கவனமாகச் செய்யாத செயலிகள் இந்த இடத்தில் சொதப்பும். அதனால் என் ஓட்டு காகிதத்துக்கும் பென்சிலுக்கும்தான். பேனா வேண்டவே வேண்டாம். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 2: எது வராது என்று பாருங்கள்

தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. அப்படியானால் எண் போட்ட கட்டம் எதிலும் மெய்யெழுத்து வராது. அ, ஆ போன்ற தனி உயிரெழுத்து சொல்லின் நடுவே பொதுவாக வராது. ஆகவே ஒரு சொல்லின் நடுவில் இருக்கும் கட்டத்திலிருந்து இன்னொரு சொல் கீழே இறங்கினால், அங்கே உயிர்மெய்தான் இருக்கும். க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் வராது. கிரிக்கெட் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் மட்டும் விதிவிலக்கு. மொத்தம் 247 எழுத்து இருக்கிறதே என்று மலைக்கத் தேவையில்லை; அந்தந்த இடத்தில் வராத எழுத்துகளை இந்த மூன்று விதியே கழித்துவிடும்.

சுலபமான குறிப்புகளை இந்த முறையிலேயே முடித்துவிடுங்கள். அதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம்.

படி 3: போட்டுக்கொடுக்கும் குறிப்பைத் தேடுங்கள்

கருப்பொருள் புதிர் பலவற்றில் ஒரு குறிப்பு மற்ற விடைகளைப் பற்றியே பேசும். என் புதிரில் அது இப்படி இருந்தது: ‘உண்மையும் இதுதான், உடம்பும் இதுதான், ஐந்து விடைகளின் தொடக்கத்தில் இதன் உறுப்பு இருக்கும் (2)’. விடை, மெய். சரி, உடல் உறுப்பில் தொடங்கும் ஐந்து சொற்கள் வேண்டும்.

ஆங்கிலப் புதிர்களில் நீளமான விடைகள்தான் பெரும்பாலும் கருப்பொருளைச் சுமக்கும். நானும் நீளமானவற்றிலிருந்தே தொடங்கினேன். நாட்டின் ஆட்சி நடக்கும் ஊர் (6), தலைநகரம். தலை கிடைத்தது. பட்டம் தரும் இடம் (9), பல்கலைக்கழகம். பல் கிடைத்தது. இங்கே ‘பல்’ என்பது பல கலைகளில் உள்ள ‘பல’தான், வாயில் இருக்கும் பல்லோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. புதிர் அமைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் கொண்டாட்டம்தான். எனக்கும் இந்த வகைதான் மிகவும் பிடிக்கும். எதிரே நிற்பவரைக் காட்டும் (4), கண்ணாடி. கண் கிடைத்தது.

மூன்று வந்துவிட்டது. மீதி இரண்டு எங்கே? இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படி 4: விடையைப் பிரித்து எழுதுங்கள்

‘கடிதத்தின் மேல் எழுதுவது (4)’ என்ற குறிப்புக்கு முகவரி என்று எப்போதோ எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். மு, க, வ, ரி என்று கட்டம் கட்டமாகப் பார்த்ததால் அதில் உறுப்பு எதுவும் தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தபோதுதான் பொறி தட்டியது. முகம் + வரி! நடுவில் இருந்த ‘ம்’ புணர்ச்சியில் கெட்டுவிட்டது.

பள்ளியில் படித்த தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இந்தப் புதிரில் அப்படியே வேலை செய்கின்றன. கண் + ஆடி சேரும்போது ‘ண்’ இரட்டிக்கிறது. அதனால்தான் கண் என்ற சொல் கட்டத்தில் முழுசாகத் தெரிந்தது. முகவரியில் ஓர் எழுத்து கெட்டது, முகம் மறைந்தது. திரிதல் வந்தால் இன்னும் கஷ்டம். பல் + பொடி பற்பொடி ஆகும். ‘ல்’ போய் ‘ற்’ வந்துவிடும். கட்டத்தில் பல்லைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

இன்னொரு வகையும் உண்டு. முதல் சொல் மெய்யில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். அதனால் நான் இப்போதெல்லாம் சந்தேகமான ஒவ்வொரு விடையையும் ஓரத்தில் கூட்டல் குறி போட்டுப் பிரித்து எழுதிவிடுகிறேன். கட்டத்தைப் பார்த்துக்கொண்டே மனத்துக்குள் பிரிப்பது வேண்டாம். கை எழுதும்போதுதான் கண்ணுக்குப் படுகிறது.

படி 5: குறுக்கே போகும் சொல்லைக் கேளுங்கள்

கடைசி விடை ‘நடப்பவருக்குப் பாதுகாப்பு (3)’. கடைசி எழுத்து ‘ணி’ என்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. செருப்பு நான்கு எழுத்து, மிதியடியும் நான்கு. முகம் ‘ம்’ இழந்ததைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பாதம் + அணி, பாதணி என்று எழுதிவிட்டேன். எண்ணிக்கை சரி, பொருள் சரி, உறுப்பும் இருக்கிறது. ஆனால் நடுவிலிருந்த ‘த’ வழியாகப் போன சொல் ம, த, ர் என்று நின்றது. அதன் குறிப்பு: ‘பூவுக்கும் சிறப்பிதழுக்கும் ஒரே பெயர் (3)’. மலர்! ‘த’ இருந்த இடத்தில் ‘ல’ வர வேண்டும். அப்படியென்றால் விடை காலணி. கால் + அணி. ‘ல்’ தன் புள்ளியை இழந்து ‘ல’ ஆகிவிட்டது. போன படியில் சொன்ன ஒட்டிக்கொள்ளும் வகை இதுதான்.

கருப்பொருளுக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஒரு விடை சரியாகிவிடாது. கடைசி வார்த்தை குறுக்கே போகும் சொல்லுக்குத்தான். இதற்கு நேர்மாறாக, குறுக்குச் சொற்களே முடிவு சொல்லாதபடி அமைத்த புதிர் ஒன்று உண்டு. 1996 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். நியூயார்க் டைம்ஸில் ஜெரமையா ஃபாரல் அமைத்த புதிரில் மறுநாள் தலைப்புச் செய்தியைக் கேட்டிருந்தார்கள். கிளின்டன் என்றாலும் பாப் டோல் என்றாலும் ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. குறுக்கே போன ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு விடை பொருந்தும். ஒரு குறிப்புக்குப் பூனை என்றும் எழுதலாம், வௌவால் என்றும் எழுதலாம். அதை அமைக்க எவ்வளவு உழைப்பு போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

படி 6: விளக்கம் எழுதி வையுங்கள்

முடித்ததும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘முகவரி: முகம் + வரி, ம் கெட்டது’ என்ற அளவு போதும். ஒரு விடைக்குக் காரணம் எழுத வரவில்லை என்றால் அது பெரும்பாலும் தப்பான விடை. அகராதி பார்ப்பதை இந்தப் படிவரை தள்ளிப்போடுங்கள் என்பேன். புழக்கத்தில் உள்ள சொல்லுக்கு க்ரியாவின் அகராதி, பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். எனக்கு இந்த இரண்டே போதுமாக இருக்கிறது.

பிற்சேர்க்கை: ‘சொல்லின் கடைசிக் கட்டத்தில் ச் வருகிறதே, உங்கள் விதி தப்பா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் அனுப்பிய புதிரைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் அதை வெட்டிப் போன இன்னொரு சொல், கீழிருந்து மேல் எழுத வேண்டியது. தமிழ்ப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று தனிப் பட்டியல்களும் வரும் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தச் சொற்களுக்கு எண் கீழ்முனையிலோ வலமுனையிலோ இருக்கும்; முதல் எழுத்தும் அங்கேதான். அந்த இன்னொரு சொல்லை அவர் மேலிருந்து எழுதியதால் எல்லாம் தலைகீழாகி, ச் தப்பான கட்டத்தில் விழுந்துவிட்டது. எழுதும் முன் அந்த எண் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். கருப்பொருள் தேடும்போதும் அதே முனையிலிருந்து படியுங்கள்.

இன்னொருவர் நடுவில் ‘உ’ வந்ததைக் காட்டினார். விடை ‘நல்ல உள்ளம்’. இரண்டு சொல் விடையில் இரண்டாவது சொல் உயிரெழுத்தில் தொடங்கலாம். எண்ணிக்கை (3,4) என்று பிரித்துக் கொடுத்திருந்தால், மூன்றாவது கட்டத்துக்குப் பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.