நடிப்பு நோயாளியை வைத்துத் தேர்வு: மதிப்பெண்ணை நம்பலாமா?

நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரை மாணவரோ மருத்துவரோ விசாரித்துப் பரிசோதிப்பார்; அதை வைத்துத் தேர்வாளர் மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பயிற்சிக்கு இரண்டு கேஸ் (நடிக்க வேண்டிய நோய்க்கதை) போதும். பாஸ், ஃபெயில் போட அது போதாது.

அடுத்தது கேஸ் எழுதுவது. நெஞ்சுவலி கேஸ் என்றால், "காலையிலேர்ந்து நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு டாக்டர்" என்ற முதல் வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றே. "வேற என்ன தொந்தரவு?" என்று பொதுவாகக் கேட்டால் வியர்வையைச் சொல்லலாம். கைக்கு வலி பரவுவதை நேராகக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். இதை எழுதிக் கொடுக்காவிட்டால், களைத்துப்போன நடிகர் மதியம் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்; மதிய பேட்சுக்கு இலவச மதிப்பெண். காலை, மாலை வீடியோக்களை ஒப்பிட்டால் இது பிடிபடும்.

எதையெல்லாம் கேட்டார் என்று டிக் அடிக்கும் செக்லிஸ்ட்தான் அதிகம் ஏமாற்றும். அனுபவசாலி நாலு கேள்வியில் நோயைப் பிடித்துவிடுவார். மாணவர் பட்டியலில் உள்ள முப்பதையும் ஒப்பித்து அவரைவிட அதிகம் வாங்குவார். தேர்வுக்கு முன்பே மூத்த மருத்துவர்கள் சிலரையும் பயிற்சி மருத்துவர்கள் சிலரையும் உட்கார வையுங்கள். மூத்தவர்கள் பின்தங்கினால் கோளாறு பட்டியலில். சிகிச்சை முடிவை மாற்றும் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் 5 படிநிலைகளில் தேர்வாளரின் ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் சேருங்கள். பாஸ் மதிப்பெண்ணைக் குத்துமதிப்பாக 50 என்று வைக்காமல், 'பார்டர்லைன்' (பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில்) என்று மதிப்பிடப்பட்டவர் செக்லிஸ்டில் எவ்வளவு எடுப்பார் என்பதை இந்த இரண்டு மதிப்பீடுகளையும் இணைக்கும் ரிக்ரெஷன் கோட்டிலிருந்து எடுக்கலாம்.

ஒரு கேஸில் நன்றாகச் செய்தவர் அடுத்ததிலும் செய்வார் என்று சொல்ல முடியாது. அதனால் எண்ணிக்கை வேண்டும். 8 ஸ்டேஷனில் (ஒரு கேஸுக்கு ஒரு ஸ்டேஷன்) நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பதன் அளவு (முழுமை 1), 0.6 என்றால், அதே தரத்தில் 0.8-ஐத் தொட தேர்வை நீட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் கணக்குப்படி சுமார் 22 ஸ்டேஷன். ஒரே ஸ்டேஷனில் இரண்டு தேர்வாளர்களை உட்கார வைப்பதைவிட, அவர்களைப் பிரித்து இன்னொரு ஸ்டேஷன் போடுவது பெரும்பாலும் லாபம்.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு ஸ்டேஷன் மதிப்பெண்ணையும் மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று) பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் விசாரியுங்கள். உடனே தூக்கிவிட வேண்டாம். துயரச் செய்தி சொல்லும் திறனைச் சோதிக்கும் ஒரே ஸ்டேஷனாக அது இருக்கலாம்.

இதய முணுமுணுப்பை (இதயத்தில் கேட்கும் கூடுதல் ஒலியை) யாராலும் நடித்துக் காட்ட முடியாது. தேர்வெழுதுபவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைத்த பிறகே அங்கே என்ன கேட்கும் என்று எழுதிய கண்டுபிடிப்பு அட்டையைக் கொடுங்கள்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த, மருத்துவத் திறனைப் படிகளாகப் பிரிக்கும் பிரமிடில் இதெல்லாம் 'செய்து காட்டுதல்' படிதான். அன்றாடப் பணியில் என்ன செய்கிறார் என்று அறிய, மருத்துவரிடம் முன்கூட்டியே பொதுச் சம்மதம் வாங்கிவிட்டு, நாள் சொல்லாமல் நடிப்பு நோயாளியை அனுப்ப வேண்டும். பிறகு, சந்தேகம் வந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்டுபிடிக்கப்பட்ட வருகைகளைத் தனியாகக் கணக்கிடுங்கள்.