கலை மாணவரின் படைப்புத் தொகுப்பு: எங்கே சறுக்குகிறது?

சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகமோ, லாசால் கல்லூரியோ, பலதுறைத் தொழிற்கல்லூரியின் வடிவமைப்புத் துறையோ, கலை படிக்க விண்ணப்பித்தால் பெரும்பாலும் படைப்புத் தொகுப்பு (போர்ட்ஃபோலியோ) கேட்பார்கள். பல மாணவர்கள் முடித்த ஓவியங்களை மட்டும் பளபளப்பாக அடுக்கிவிட்டு, அவற்றுக்காகக் கிறுக்கிய தாள்களைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தேர்வாளருக்கு வேண்டியது அந்தக் கிறுக்கல்தான். முடிந்த படத்தை எதையாவது பார்த்து வரைந்துவிடலாம், யோசித்த தடத்தைப் பொய்யாக உண்டாக்குவது கடினம். ஒரு படைப்புக்காவது தீப்பெட்டி அளவில் ஆறேழு முன்வரைவுகள், வண்ணச் சோதனை, கைவிட்ட ஒரு வடிவம், இறுதிப் படம் என்று வரிசையாக வையுங்கள். கைவிட்டதன் காரணத்தை ஒரே வரியில் எழுதினால் போதும்.

அடுத்தது கைப்பேசிப் படத்தை அப்படியே வரைவது. தேக்கா சந்தையில் பூக்கட்டும் ஒருவரை அருகிலிருந்து படம் எடுத்தால், கைப்பேசியின் அகல வில்லை (லென்ஸ்) முன்னால் நீட்டிய கையை ஊதிக் காட்டும், பின்னாலிருக்கும் தலை சிறுத்துவிடும். நிழலுக்குள் இருந்த நீலமும் பழுப்பும் வெறும் கறுப்பாகிவிடும். மாணவர் இரண்டையும் சேர்த்தே வரைந்துவிடுவார், பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இருமடங்கு பெரிதாக்கி எடுங்கள். அதைவிட நல்லது, காப்பிக்கடையில் உட்கார்ந்து பத்துப் பத்து நிமிடமாக நேரில் வரைவது. ஆள் அசைந்துகொண்டே இருப்பார். அதனால் முகத்தில் தொடங்காமல் தோளின் சாய்வையும், உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதையும் முதலில் பிடியுங்கள்.

நம் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கம் உண்டு: ‘மரபு’ காட்ட வேண்டுமென்று கோலம், மயில், கோபுரம் மூன்றையும் ஒரே தாளில் திணிப்பது. அது தீபாவளி வாழ்த்து அட்டையாகத்தான் முடியும். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் கலைஞர் குமாரி நாகப்பன் வைத்திருக்கும் சிற்பத்தைப் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு மஞ்சாடி விதை, அவ்வளவுதான். அதன் சிவப்பும் பருமனும் போதுமானதாக இருக்கிறது. கோலம்தான் பிடிக்கும் என்றால் புள்ளி வரிசையைப் படியுங்கள்: ஒரு புள்ளியைக் கூட்டினால் கோடு எங்கே உடைகிறது, சமச்சீர் எங்கே போகிறது என்று பத்துத் தாளில் சோதித்துப் பாருங்கள்.

நல்ல ஓவியம் மோசமான புகைப்படத்தால் வீணாவது இங்கே சர்வ சாதாரணம். இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்தால் பச்சை படியும், ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வெயில் நேராக விழாத பக்கமாகக் காலை ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். படத்தை நிமிர்த்தி வைத்து, கேமராவை அதன் மையத்துக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், பிறகு நிறத்தைச் சரிசெய்ய உதவும். ஏ3 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 4961 x 3508 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும் என்பதால் மூலக் கோப்பையே பதிவேற்றுங்கள்.

தாள் விஷயம்: நீர்வண்ணத்துக்குத் தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்மிற்குக் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் நெளியும். நம் ஊர் ஈரப்பதத்தில் காயாத படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை நிச்சயம்.

வேலைக்கு முயலும்போது ஒரே தொகுப்பை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். அனிமேஷன் நிறுவனம் கதைப்பலகை (காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு) வரையும் வேகத்தைப் பார்க்கும், கண்காட்சி வடிவமைப்பு நிறுவனம் இடத்தைக் கையாளும் விதத்தைப் பார்க்கும்.

சில்லறை வேலைகளை வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்வதுதான் பெரிய இழப்பு, கேட்பவர் சொந்தக்கார மாமாவாகவே இருந்தாலும். அளவு, எங்கே பயன்படுத்துவார்கள், எத்தனை முறை திருத்தம் (இரண்டு போதும்), பாதி முன்பணம், ஒப்படைக்கும் தேதி ஆகியவற்றை மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். முன்பெல்லாம் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் காப்புரிமை வரையச் சொன்னவருக்கே போனது. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது வரைந்தவருக்கே. ஆனால் சம்பளத்துக்கு இருக்கும் இடத்தில் வேலையின் பகுதியாக வரைந்தது பொதுவாக முதலாளிக்குச் சேரும். ஆகவே கையெழுத்து போடும் முன், உரிமை முழுவதையும் மாற்றித் தருவதாக வரி ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதற்குத் தனி விலை கேளுங்கள்.