அறுபதைத் தாண்டிய தோள்பட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாப்பேட்டையில் தறி நெய்கிற பெரியவரிடம் தோளுக்குப் பயிற்சி செய்யுங்கள் என்றால், "நாள் பூரா கைதானே ஆடுது, இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்பார். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் அம்மாக்களும் இதையே கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் உழைப்பே தோளுக்குப் போதும் என்று நம்பி இருந்துவிடுவதுதான் முதல் தவறு.

தறியில் ஒரு கை கயிற்றை இழுக்கிறது, மறு கை பலகையை அடிக்கிறது. இரண்டும் நெஞ்சுக்கு முன்னால், ஒரே பாதையில், ஒரே பாரத்தில். அதற்கு வேண்டிய தசைகள் மட்டும் பழகுகின்றன. கையை வெளிப்பக்கம் திருப்பும் தசைக்கும், முதுகில் தோள் எலும்பை இழுத்துப் பிடிக்கும் தசைக்கும் அங்கே பெரிதாக வேலை இல்லை.

முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. பலம் அதைவிடச் சீக்கிரம் இறங்கும். காரணம், நரம்பும் சேர்ந்து மூப்படைகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் சில அழிந்துபோகின்றன. சட்டென்று விசை தரும் வேகத் தசை இழைகள் முதலில் மெலிகின்றன. அதனால் கை பலவீனமாவதோடு, தசை வேலையில் இறங்கவும் தாமதமாகிறது.

தோளில் இந்தத் தாமதம் ரொம்பவே பாதிக்கும். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் உருண்டை அதில் நழுவாமல் பிடித்து வைப்பவை 'ரொடேட்டர் கஃப்' எனும் நான்கு சிறு தசைகள். கையைத் தூக்கும்போது அவை உருண்டையைச் சரியாகப் பிடிக்காவிட்டால், வெளியே இருக்கும் பெரிய தசை அதை மேலே இழுத்துவிடும். மேலே இருக்கும் எலும்புக்கு அடியில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் நசுங்கும்.

கண்ணாடி முன் நின்று, சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கை பாதி உயர்வதற்குள் தோள் காதை நோக்கி ஏறுகிறதா? கழுத்துத் தசை தோளின் வேலையைச் செய்ய வந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். இந்த நிலையில் தலைக்கு மேல் பாரம் தூக்கிப் பழகுவது அடுத்த தவறு. பழுதான பாதையே இன்னும் பலப்படும்.

வலி வந்ததும் "வயசாயிடுச்சு" என்று கையை மடக்கியே வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அசையாத மூட்டு இறுகும். 40 முதல் 60 வயதுக்குள், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, தோள் உறைந்துபோவது அதிகம். அப்படி இறுகிய தோளைச் சுளுக்கு என்று நினைத்து ஆள் வைத்து வெடுக்கென்று இழுப்பது அதைவிட ஆபத்து. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், தவறில்லை. அதனால் பலம் வராது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது எளிது. முழங்கையை மடக்கி, அதற்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் இழுங்கள். பத்துப் பதினைந்து முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் கனமான பட்டைக்கு மாறுங்கள். அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி. மறுநாள் லேசான தசைவலி இருந்தால் பரவாயில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

சாப்பாடும் உண்டு. காலையில் இட்லி, இரவில் தோசை என்று ஓட்டினால் தசைக்குப் புரதம் போதாது. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம் நல்லது; ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். பயறு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், தசைநாண் கிழிந்திருக்கலாம். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் இந்தப் பயிற்சிப் பேச்சே வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.