அரைவேக்காட்டு முட்டையும் அதன் மேல் ஊற்றும் காரமும்

அரைவேக்காட்டு முட்டையில் வெள்ளைக்கரு முழுவதும் உறைந்திருக்க வேண்டும். மஞ்சள்கரு தேன் பதத்தில் இளகி நிற்க வேண்டும். வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கினாலும், 80 டிகிரியை நெருங்கும்போதுதான் நன்கு கெட்டிப்படுகிறது. மஞ்சள்கருவோ 70 டிகிரியிலேயே இறுகிவிடும். அதனால் வெளிப்புறத்துக்கு விரைவாகச் சூடேற்றி, அந்தச் சூடு நடுவை எட்டுவதற்குள் தடுத்து நிறுத்துவதே இதில் உள்ள வேலை.

காரத்தை முதலில் செய்து வைத்துவிடுங்கள். முட்டையை உரித்து வைத்துவிட்டுப் பூண்டு நறுக்க உட்கார்ந்து, மஞ்சள்கரு இறுகிப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்கு முட்டைகளுக்கு ஆறு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கொரகொரப்பாக இடித்த வரமிளகாய் இரண்டு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவை போதும். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெயைக் குறைக்க வேண்டாம். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து சிறு தீயில் வதக்குங்கள். அது நிறம் மாறத் தொடங்கிய பிறகே, சீக்கிரம் கருகக்கூடிய பூண்டைச் சேருங்கள். இரண்டும் வெளிர்ப்பொன் நிறத்துக்கு வந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுங்கள், ஏனெனில் எண்ணெயில் மிஞ்சியிருக்கும் சூடே மீதி வேலையை முடித்துவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு மிளகாயைத் தூவினால், மெல்ல நுரைத்து, எண்ணெய் செக்கச்செவேலென்று மாறி, வாசனை எழும். மிளகாய் கறுத்துவிட்டால் கசப்பு போகவே போகாது. தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கடைசியாக உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேருங்கள்.

முட்டை ஒரு வாரம் பழையதாக இருப்பது நல்லது. புது முட்டையிலுள்ள கரியமில வாயு நாளடைவில் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்தன்மைக்கு எதிரானது) கூடி, உட்சவ்வின் பிடி தளர்கிறது. அதனால்தான் அன்று இட்ட முட்டையை உரிக்கும்போது வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறது.

முட்டைகள் மூழ்கும் அளவு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்குங்கள். அவை ஒன்றோடொன்று மோதி விரிசல் விடாதபடி தீயைச் சற்றே குறைத்து, நடுத்தர முட்டைக்கு ஆறு நிமிடம், பெரிய முட்டைக்கு ஆறரை நிமிடம் வேகவிடுங்கள். கடிகாரம் பார்த்தே செய்யுங்கள்; ஒரு நிமிட வித்தியாசத்தில் மஞ்சள்கருவின் பதம் மாறிவிடும். மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே சிறிது கூடுதல் நேரம் தேவை. நேரம் முடிந்ததும் ஐஸ் கட்டி போட்ட தண்ணீருக்கு மாற்றி, மூன்று நிமிடம் விடுங்கள்.

காற்றுப்பை இருக்கும் அகன்ற முனையைத் தட்டி, அங்கிருந்து தண்ணீருக்குள்ளேயே வைத்து உரியுங்கள். விரல் பட்டால் அமுங்கும் அளவுக்கு முட்டை மென்மையாக இருக்கும் என்பதால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கத்தியைவிட நூல் மேல்: முட்டையைச் சுற்றி இழுத்தால் கரு ஒட்டாமல் இரண்டாகப் பிளக்கும். மஞ்சள்கரு வழியத் தொடங்கும்போதே காரத்தைக் கரண்டியால் அள்ளி மேலே விடுங்கள். சிவந்த எண்ணெய் கருவோடு கலந்து பரவும் அந்த நிமிடத்திலேயே சாப்பிட வேண்டும்.

இளகிய கருவில் சால்மோனெல்லா கிருமி சாகாமல் இருக்க வாய்ப்புண்டு. ஆகையால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு முட்டையை முழுதாக வேகவைத்து, அதே காரத்தோடு கொடுங்கள். மிஞ்சிய காரத்தை அடுப்படியில் விட்டுவைக்காதீர்கள். எண்ணெயில் ஊறும் பூண்டில் கொடிய நச்சுக்கிருமி வளரக்கூடும் என்பதால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.