பம்ப்செட் இன்ஜினில் மினி பைக்: பவர் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் தோட்டங்களில் கரண்ட் மோட்டார் வந்த பிறகு சும்மா கிடக்கும் பழைய பெட்ரோல் பம்ப்செட்டுகள் உண்டு. அந்த இன்ஜினைக் கழற்றி, சதுரப் பைப்பில் ஃபிரேம் அடித்து, ஸ்கூட்டரின் பத்து இன்ச் சக்கரம் மாட்டி ஓட்டும் பையன்களைப் பார்த்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வண்டி நகர ஆரம்பித்ததும் அடுத்த ஆசை வந்துவிடும்: இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும். கிடைக்கும். ஆனால் முதலில் தேட வேண்டியது, அந்த இன்ஜின் ஏற்கெனவே இழந்துவிட்ட பவரை.

இதைச் செய்யாமல் பெரிய கார்புரேட்டர் வாங்குவதுதான் முதல் தவறு. கம்ப்ரஷன் எங்கே கசிகிறது என்று பாருங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை மேலே நிறுத்தி, ஃபிளைவீல் சுற்றாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியே பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் கொஞ்சமாகக் காற்று விடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் பலமாகச் சீறினால் பிஸ்டன் ரிங். கம்ப்ரஷன் கேஜ் காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள். கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பல இன்ஜின்களின் கேம் ஷாஃப்டிலேயே கம்ப்ரஷனைக் குறைக்கும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல இன்ஜினும் கேஜில் குறைவாகத்தான் காட்டும். அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, இந்த இடைவெளியைச் சரிசெய்தாலே இழுவையில் வித்தியாசம் தெரியும். மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதன் கம்ப்ரஷன் பிறப்பிலேயே குறைவு. பெட்ரோல் ஊற்றினாலும் பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு இழுக்காது.

இனி கவர்னர், அதாவது இன்ஜின் அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு. எனக்குப் பயம் தரும் தவறு இதுதான். 163 சிசி ஜிஎக்ஸ்160ம் அதைப் பார்த்துச் செய்த சீன இன்ஜின்களும் சுமார் 3600 ஆர்பிஎம்முக்காக (நிமிடத்துக்கு 3600 சுற்று) செய்யப்பட்டவை. கவர்னரைக் கழற்றினால் திராட்டில் முழுசாகத் திறக்கும்போது அதைத் தாண்டி ஓடும்; வேகமும் கூடும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மேல் விழும் இழுப்பு, சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 3600லிருந்து 5400க்குப் போனால் சுற்று ஒன்றரை மடங்கு, இழுப்பு இரண்டேகால் மடங்கு. அந்த ராடு வார்ப்பு அலுமினியம். உடைந்தால் இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைவிட மோசம் ஃபிளைவீல். கம்பெனி ஃபிளைவீல் வார்ப்பிரும்பு. அது வெடித்துச் சிதறினால் துண்டுகள் ஓட்டுகிறவன் காலுக்குப் பக்கத்தில்தான் பறக்கும். பில்லெட் (வார்க்காமல் கட்டி உலோகத்தில் கடைந்த) ராடு, பில்லெட் ஃபிளைவீல் இரண்டும் மாட்டாமல் கவர்னரில் கை வைக்காதீர்கள். லேத்தில் கொடுத்து ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைப்பதும் அதே ஆபத்துதான்.

அழகுக்காக இன்ஜினைச் சுற்றியுள்ள தகரக் கவரைக் கழற்றுகிறவர்களும் உண்டு. ஃபிளைவீல் விசிறியின் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்பிவிடுவது அந்தத் தகரம்தான். மதுரையின் கத்திரி வெயிலில் அது இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டால் சத்தம் கேட்கப் பவர் மாதிரி இருக்கும். காற்று கூடிப் பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து சூடு ஏறும். மேலூர் குவாரிப் பக்கத்துக் கல்தூசி உள்ளே போனால் ரிங் சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையில்) கலவையை மெலியவே வைக்கும். முழுத் திராட்டிலில் ஓட்டி, உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் சைலன்சரை வெட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம். அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ளுகிறது.

பலர் பவர் குறை என்று சொல்வது உண்மையில் பல்சக்கரக் குறை. பத்து இன்ச் ஸ்கூட்டர் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.35 மீட்டர் ஓடும். இன்ஜின் பக்கப் பல்சக்கரத்தில் 10 பல், பின்சக்கரத்தில் 60 பல் போட்டால் 3600 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகம். பின்னால் 40 பல் போட்டால் கணக்கில் 73 வரும். சுமார் ஐந்து குதிரைத்திறன் இன்ஜின் அதை எட்டாது. சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கி, சூடாகி, கருகிவிடும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, 60 பல்லிலேயே இருங்கள். கண்மாய்க் கரை ஏறும்போது அதன் அருமை தெரியும்.

பவர் கூட்டுவதற்கு முன்பே இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் மாட்டிவிடுங்கள். ஓட்டுவது சொந்தத் தோட்டத்தில் மட்டும் இருக்கட்டும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே கூடாது. ஊருக்குள் போகும் சின்ன ரோடும் அதில் அடக்கம்.